ஆறு விநாடி

“ஆறு செகண்டு போதும் தம்பி. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.”

எடிட்டர் திரும்பிப் பார்த்தார். அறை வாசலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, பென் டிரைவும் நோட்டுமாக நின்றிருந்தார்.

நாளை மறுநாள் விழா. சினிமா, டிவி நடிகர்களுக்கு வருடா வருடம் விருது கொடுக்கும் விழா. நடுவில், அந்த வருடம் மறைந்துபோன கலைஞர்களின் முகங்களை மூன்று நிமிடம் திரையில் காட்டுவார்கள். அந்த மூன்று நிமிடத்தைத் தொகுப்பதுதான் எடிட்டரின் வேலை.

“பேரெல்லாம் கமிட்டி கொடுக்கறதும்மா. என் கையில ஒண்ணும் இல்ல.”

“கமிட்டிக்கு நாலு தடவ நடந்துட்டேன். ‘யாரு அவரு?’ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் நடிச்சவரு தம்பி. நூத்திப் பதினோரு படம், ஒம்பது சீரியல்.”

“ஹீரோவுக்கு அப்பா, அந்த மாதிரியா?”

“அவ்வளவு தூரம் விட்டுடுவாங்களா? கான்ஸ்டபிள், ஜட்ஜ், வாட்ச்மேன். ஆபரேஷன் தியேட்டர்லேருந்து வெளிய வந்து உதட்டப் பிதுக்கற டாக்டர்.”

எடிட்டருக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சிரிக்கலாமா என்று அடக்கிக்கொண்டார்.

“எப்போ...” என்று இழுத்தார்.

“போன மாசமே டாக்டர் கைய விரிச்சிட்டாரு.”

“ஃபார்ம்ல தேதின்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதுல...”

“தேதிய நான் எப்படித் தம்பி என் வாயால சொல்லுவேன்?”

ஏன்தான் கேட்டோமோ என்று ஆகிவிட்டது எடிட்டருக்கு. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்.

மரியாதைக்கு ஒன்றைப் பார்த்து அனுப்பிவிடலாம் என்றுதான் பென் டிரைவைச் செருகினார். நோட்டில் படத்தின் பெயர், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. சில படங்களில் ஆள் முழுதாகக்கூட இல்லை. ஹீரோவின் தோளுக்குப் பின்னால் அரை முகம்.

“அந்த பஸ் சீனப் பாருங்க. அதுல அவருக்கு வசனமே கிடையாது.”

ஏதோ சீரியல். காலிப் பேருந்தின் கடைசி இருக்கையில் கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். மறுகணம் கையை நீட்டி, அவள் தெரியாதபடி கண்ணாடியை மேலே திருப்பிவிட்டுப் பாதையைப் பார்க்கிறார். அவ்வளவுதான்.

எடிட்டர் மறுபடி ஓட்டினார். இன்னொரு முறையும் ஓட்டினார்.

“டைரக்டர் சொல்லிக் கொடுத்ததா?”

“இல்ல, இவராச் செஞ்சது. அழற பொண்ண உத்துப் பாக்கறது நல்லாவா இருக்கும்னாரு. டைரக்டர் முதல்ல கத்தினாராம். அப்புறம் அதையே வெச்சுக்கிட்டாரு.”

எடிட்டர் நோட்டில் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு, “போட்டுடறேன்மா” என்றார்.

“டிவியில லைவாத்தானே காட்டுவாங்க?”

“ஆமாம்மா.”

“நடுவுல வெட்டிட மாட்டாங்களே?”

“மாட்டாங்க. நீங்க கவலைப்படாம போங்க.”

அந்த அம்மா போன கையோடு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“யாருய்யா இந்த டிரைவரு? கமிட்டி லிஸ்ட்ல இல்லையே.”

“நான் சேர்த்தேன்.”

“மூணு நிமிஷத்துல இடம் ஏது?”

“பெரிய ஹீரோவுக்குப் பதினெட்டு செகண்டு இருந்துச்சு. பன்னெண்டா ஆக்கிட்டேன்.”

“அவங்க வீட்டுல கேட்டா?”

“நான் பதில் சொல்லிக்கறேன்.”

“உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கற. அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத.” சொல்லிவிட்டுப் போனாரே தவிர, எடுக்கச் சொல்லவில்லை.

விழா அன்று எடிட்டர் அரங்கின் கடைசியில், சுவரோடு சாய்ந்து நின்றார். முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரிய ஹீரோவுக்கு நல்ல கைதட்டல். அடுத்துப் பேருந்து வந்தது. டிரைவர் கண்ணாடியைத் திருப்பினார். கீழே பெயர் விழுந்தது.

“அட, இவரா?” என்றது ஒரு குரல். “இவரும் போயிட்டாரா?” என்றது இன்னொன்று.

மேடை ஓரத்தில் நின்ற லைட்மேன் முதலில் தட்டினார். அப்புறம் முன்வரிசை, அப்புறம் மாடி. அடுத்த முகம் வந்த பிறகும் ஓயவில்லை. எடிட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பக்கத்தில் பார்த்தார்.

மறுநாள் காலை நோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அட்டையில் விலாசம் இருந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கைதட்டலை நேரில் சொல்லவேண்டும் போலிருந்தது.

இரண்டாவது மாடி. மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்துவரும் சத்தம். கதவு திறந்தது.

கான்ஸ்டபிள், ஜட்ஜ், வாட்ச்மேன், பஸ் டிரைவர் அத்தனை பேரும் ஒரே ஆளாக, பாதியாய் இளைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

எடிட்டர் நோட்டை மட்டும் நீட்டினார்.

“உள்ள வாங்க தம்பி, அவ மருந்து வாங்கப் போயிருக்கா” என்றார் அவர். “அவமேல கோவப்படாதீங்க. டாக்டர் ரெண்டு மாசம்தான்னு சொல்லிட்டாரு. அடுத்த வருஷ விழாவுல போட்டீங்கன்னா, அந்தக் கைதட்டல நான் எப்படித் தம்பி கேக்கறது?”