பதினோரு தடவை அடித்த பெல்

"எங்கப்பா கார்த்தாலேர்ந்து பதினோரு தடவை பெல் அடிச்சிருக்கார். ஒவ்வொரு தடவையும் வந்து ஸ்டூல்ல உக்காந்துட்டுப் போயிருக்கே. இதுக்குப் பேர் நர்ஸா?"

சாய்நாத் போட்ட சத்தத்தில் அந்த மயிலாப்பூர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியே எட்டிப் பார்த்தது. ஆபீஸில் 'ப்ளீஸ்' போடாமல் பேசவே மாட்டானாம்.

"இன்னா வேணும்னு கேட்டேன் சார். ஒண்ணும் வேணாம்னாரு," என்றாள் கயல்.

"பொய் வேறயா? இன்னியோட உன் வேலை போச்சு."

சூப்பரின்டென்ட் புகார் நோட்டைப் பிரித்தாள். கட்டிலில் கிடந்த சங்கரன் ஆக்சிஜன் மாஸ்கை விலக்கினார்.

"அவ பொய் சொல்லலைடா. நேத்து ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சும், மாத்த ஆள் வராததால ஆத்துக்குப் போகாம நின்னுண்டிருக்கா. கால் வீங்கிக் கிடக்கு. பேஷன்ட் கூப்பிட்டாத்தான் நர்ஸெல்லாம் உக்காரலாம்னு இங்க ரூலாம். அதான் கூப்பிட்டுண்டே இருந்தேன்."

சாய்நாத் அப்போதுதான் கயலின் கால்களைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

தை மாதம் கயலுக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது ஆவடியில் இருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில் சங்கரன் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன சாய்நாத், எத்தனையோ பேர் நாற்காலியைக் காட்டியும் தாலி கட்டி முடியும்வரை நின்றுகொண்டே இருந்தானாம்.