எங்க ஆள் இல்லை!

"காபியைக் குடிங்கன்னு இன்னும் சொல்ல மாட்டேங்கறாரேப்பா?" என்று ராகான் தந்தையின் காதில் கிசுகிசுத்தான்.

"சொல்வார். அதுவரைக்கும் அவர் எது சொன்னாலும் தலையை ஆட்டு, போதும்," என்றார் ஃபவாஸ்.

பெண் கேட்க ஒரு பஸ் நிறைய ஆண்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் தலைவராக வந்த ஓய்வுபெற்ற நீதிபதி, லுஜைனை ராகானுக்குத் தரும்படி முறைப்படி கேட்டுவிட்டு, தனக்கு ஊற்றிய காபியைத் தொடாமல் மேஜைமேல் வைத்துவிட்டார். பெண்ணின் அப்பா "குடியுங்கள்" என்று சொன்னால் பெண்ணைக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அவர் சொல்கிறவரை ஒருவரும் குடிக்கக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. அம்மான் நகரத்தில் கல்யாணம் இப்படித்தான் நிச்சயமாகும்.

பெண்ணின் அப்பா ஹாஜி நவாஃபுக்கு சிமென்ட் வியாபாரம். எழுந்து ஓட முடியாத கூட்டம் அவருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. விடுவாரா?

"இந்தத் தடுப்பூசி இருக்கே, சுத்த ஏமாத்து! போட்டுக்கிட்டவனெல்லாம் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தான். நான் போட்டுக்கலை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

"கல்லேதான்!" என்றார் நீதிபதி. ஒரு ஊசி விடாமல் போட்டுக்கொண்டு, அடுத்தது எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்பவர் அவர்.

"சரியாச் சொன்னீங்க மாமா," என்றான் ராகான். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதுதான் அவன் பார்க்கும் வேலை.

"எனக்கு அப்படித் தோணலை, ஹாஜி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"என் அண்ணனுக்குச் சின்ன வயசுல போலியோ வந்து கால் போச்சு. தடுப்பு மருந்து ஏமாத்துன்னு எங்கப்பாவும் உங்களை மாதிரிதான் சொல்லிட்டிருந்தார். சாகற வரைக்கும் அண்ணன் முகத்தை அவரால நேராப் பார்க்க முடியலை. ஊசி போட்டா காய்ச்சல் வருது, நிஜம்தான். அதை முன்னாடியே சொல்லலைன்னு நீங்க கோவப்பட்டா நியாயம். ஏமாத்துன்னா நியாயமில்லை."

ஃபவாஸ் பக்கத்திலிருந்த தம்பியை இடித்தார்.

"யாருடா இந்தச் சனியன்?"

"அண்ணி வழிச் சொந்தம்னு நினைச்சேனே!"

ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, அதை விடுங்க. கோடீஸ்வரனைக் கண்டா ஏன் எல்லாருக்கும் வயிறு எரியுது? அவன் உழைச்சான், சேர்த்தான். ஏழை தூங்கினான், ஏழையாவே இருக்கான்."

"ஆஹா!" என்றது கூட்டம். அதில் பாதிப் பேர் பஸ் வாடகைக்கே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வந்தவர்கள்.

"என் பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி எழுந்து ராத்திரி வரைக்கும் உழைக்கிறா," என்றார் கோட்டுக்காரர். "உழைச்சா கோடி வரும்னா, அவ இந்நேரம் கப்பல் வாங்கியிருக்கணும்."

யாரோ சிரித்துவிட்டு, அவசரமாக அதை இருமலாக்கினார்கள். ராகானுக்கு அழுகையே வந்துவிட்டது. லுஜைனைக் கேட்கப் போகலாம் என்று வீட்டில் சம்மதிக்க வைக்கவே அவன் படாத பாடு பட்டிருந்தான்.

"தேர்தலே வேண்டாங்கறேன்!" ஹாஜியின் குரல் ஏறியது. "எவன் கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடறான்? சித்தப்பா மகன்னு போடறான்!"

"அது நிஜம். நானும் சித்தப்பா மகனுக்குத்தான் போட்டேன். கழுதை. ஆனா தேர்தல்னு ஒண்ணு இருந்தாத்தானே ஹாஜி, அந்தக் கழுதையை இறக்கிவிட முடியும்?"

ஹாஜி சோபாவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "யார் வீட்டு ஆள் இவர்?"

"சத்தியமா எங்க ஆள் இல்லை ஹாஜி!" என்று ஃபவாஸ் பதறினார். "எங்க வம்சத்துலயே இப்படி யாரும் மனசுல இருக்கறதைப் பேசினதில்லை!"

ஹாஜி பெருமூச்சு விட்டார்.

"அதானே பார்த்தேன். எனக்கு ஏற்கெனவே ரெண்டு மருமகனுங்க. ரெண்டும் தலையாட்டிங்க. மழைக்காலத்துல மூட்டையைத் திறந்த வெளியில அடுக்கச் சொன்னேன். 'பிரமாதம் மாமா'ன்னானுங்க. அத்தனை சிமென்டும் பாறையாப் போச்சு. உங்க பையன் என்னடான்னா, ஊசி போட்டுப் பிழைக்கிறவன், என் முன்னாடி ஊசி ஏமாத்துங்கறான். என்னை எதிர்த்துப் பேச ஒரே ஒரு ஆள் இருக்கற குடும்பமா இருந்தாக்கூட, கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் கொடுத்திருப்பேன்."

ராகான் தந்தையின் தொடையைக் கிள்ளினான்.

"எங்க ஆள்தான்!" என்று அலறினார் ஃபவாஸ். "என் சித்தி மகன், ஹாஜி! கோவத்துல வாய் தவறிடுச்சு. சின்னப் பிள்ளையிலிருந்தே இவன் இப்படித்தான், நாங்கதான் தட்டிக் கொடுத்து வளர்த்தோம்!"

ஹாஜி கோட்டுக்காரரையும் ஃபவாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப காபியைக் குடிங்க!"

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். இனிப்புத் தட்டுகள் வந்தன. நீதிபதி ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். ஃபவாஸ் கதவோரம் ஓடிப்போய்க் கோட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது.

"தெய்வம் மாதிரி வந்தீங்க! உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடே உருப்படும். நீங்க பொண்ணு வீட்டு ஆளா?"

"ரெண்டு வீட்டு ஆளும் இல்லீங்க. என் மகனுக்குப் பொண்ணு கேட்கப் போக வேண்டியவன். வழி தப்பி, வாசல்ல நின்ன பஸ்ஸைப் பார்த்து இங்க நுழைஞ்சிட்டேன். மாப்பிள்ளை இடத்துல உங்க பையன் முகத்தைப் பார்த்தப்பதான் வீடு மாறினது புரிஞ்சுது. அதுக்குள்ள காபியை வச்சிட்டீங்க. எழுந்திருக்க முடியுமா?"

அவர் சட்டைப்பையில் செல்போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே அவசரமாகச் செருப்பை மாட்டினார்.

"பக்கத்துத் தெருவுலதான்டா இருக்கேன், இதோ வந்துட்டேன்... என்னது, பொண்ணோட அப்பா தடுப்பூசியைத் திட்டறாரா? திட்டட்டும்டா, நானும் வந்து சேர்ந்து திட்டறேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துல போய் உண்மை பேச எனக்கென்ன பைத்தியமா?"