தொட்டிலில் ஒன்று

சுவரிலிருந்து இறக்கிய படத்தின் தூசியை வைதேஹி முந்தானையால் துடைத்தாள். அப்படியே தன் கண்ணையும் ஒற்றிக்கொண்டாள்.

"இவாதான் எங்க மாமியார். கல்யாணமான புதுசுல எடுத்தது."

ஊஞ்சலில் இருந்த வயதான அம்மாள் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "லட்சணமா இருக்கா. பேரென்ன?"

"குமுதவல்லி."

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், யாரும் இந்த வீட்டைக் கைகாட்டுவார்கள்.

"பதிமூணு வயசுல இந்த ஆத்துக்கு வந்தா. மச்சினரும் ஓரகத்தியும் காலரால ஒரே வாரத்துல போயிட்டா. அவா விட்டுட்டுப் போனது ஆறு, தன்னோடது ரெண்டு. எட்டுக் குழந்தைகளையும் ஒரே மாதிரி வளர்த்தா. எது யார் பெத்ததுன்னு எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"ஒன்பது," என்றாள் அந்த அம்மாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தொட்டில்ல ஒண்ணு."

வைதேஹி நிமிர்ந்தாள். அப்படி ஒரு குழந்தை இருந்ததாக அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொட்டில்லயா? யாரும்மா அது?"

அந்த அம்மாள் முற்றத்தைப் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? நீதானே சொல்லிண்டிருக்கே. மேலே சொல்லு."

வைதேஹியின் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் சொன்னாள்.

"ஐம்பத்திரண்டாம் வருஷம் எனக்கு டைபாய்டு. மாமியாருக்கு ஆசாரம்னா அப்படி ஒரு ஆசாரம். குளிச்சுட்டு வந்தா, பெத்த பிள்ளை, எங்காத்துக்காரரைக்கூடக் கிட்ட விடமாட்டா. அப்பேர்ப்பட்டவா இருபத்தோரு நாள் என்னை மேலே சாய்ச்சுண்டு கஞ்சி புகட்டினா. எங்கம்மா வந்து பார்த்துட்டு, நான் எதுக்கு இங்கேன்னு ஊருக்கே திரும்பிப் போயிட்டா."

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "புண்ணியவதி."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திருச்சியில் பள்ளிக்கூட வேலை முடிந்து, பஸ் பிடித்து வந்த வைதேஹியின் கணவன் சடகோபன் கூடத்துக்குள் நுழைந்தான். அந்த அம்மாள் சட்டென்று எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்கோ. உங்க அம்மாவைப் பத்தித்தான் உங்க ஆத்துக்காரி சொல்லிண்டிருந்தா. நீங்க கொடுத்து வெச்சவர்."

சடகோபன் மனைவியைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையை அசைத்தாள். இன்றைக்கும் இல்லை.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"அழாதீங்கோ," என்றாள் அந்த அம்மாள். "அவாளை ஒரு தடவை பார்க்க எனக்குத்தான் கொடுத்து வைக்கலை. எப்போ போனா?"

சடகோபன் வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். யாரோ ஒரு ஆண் இவ்வளவு கிட்டே வந்ததில் கூசிப்போய், அவள் பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எங்கேயும் போகலை," என்றான். "நீதாம்மா அது."