வேப்பிலை வைத்த குடிசை

வாசலில் வேப்பிலையைச் சொருகினாள் சொக்கம்மாள்.

உள்ளே மகள் பூவம்மா மஞ்சள் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஏழு வயது. ஒரு நோய்நொடி இல்லாத பெண்.

"எம்மா, எனுக்கு இன்னாம்மா?"

"அம்மை வார்த்துக் கீது. வாயை மூடிகினு படு!"

பச்சைப் பொய். அதுவும் ஆத்தா பேரைச் சொல்லி! கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள். பயம் போனால்தானே?

வெள்ளைக்காரன் போய் அஞ்சு வருஷமாச்சு, இப்போது ராயபுரத்தை அழகாக்கப் போகிறார்களாம். துறைமுகத்துக்குப் போகிற சாலை அகலமாகும், மாடி வைத்த கடைகள் வரும். வழியிலிருக்கிற குடிசைகளை மூன்று நாளாக ஒவ்வொன்றாய் இடிக்கிறார்கள், மிச்சம் இருப்பவற்றுக்குக் கெடு இன்றோடு சரி. பதிலுக்குக் கல்வீடு என்று சீட்டும் கொடுத்தாயிற்று. அவனவன் சட்டி பானையோடு கிளம்பிவிட்டான். இவள் மட்டும் அசைவேனா என்கிறாள்!

கடப்பாரைச் சத்தம் நெருங்கியது. நாலு குடிசை தள்ளி ஒரு சுவர் தொபீரென்று விழுந்தது.

வேப்பிலையைக் கண்டதும் கடப்பாரை ஆட்கள் நாலடி பின்வாங்கினார்கள். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள், அவர்களை வேலை வாங்கும் ஓவர்சியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, கருவாடு சுட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஹார்பர் வேலைக்குப் போன புருஷனுக்காகச் சுட்டது. பாழாய்ப்போன பழக்கம்! அம்மை கண்ட வீட்டில் எவளாவது கருவாடு சுடுவாளா?

ஓவர்சியர் மஞ்சள் துணியை விலக்கினார். பூவம்மா அவரைப் பார்த்து ஈயென்று இளித்தாள்.

"நல்லா நடிக்கிறீங்க! கல்வீடே குடுத்தாலும் உங்களுக்கு இந்தக் குடிசைதான் ஒசத்தி. சீட்டை ரத்து பண்றேன் பாரு. அப்புறம் நடுத்தெருதான்."

சொக்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"கீச்சுப் போட்டுக்கோ சாமி. வூட்டையும் நாளைக்கு இட்ச்சுக்கோ. இன்னிக்கு மட்டும் வாணாம், உன் காலுல வுழறேன்."

ஓவர்சியர் திகைத்தார். "கல்வீட்டையே விட்டுட்டு, இந்த ஒரு நாள்ல உனக்கு என்னம்மா கிடைக்கப்போவுது?"

"பக்கத்து வூட்டு அஜீசா, சாமி. தலைச்சன் புள்ள. ராத்திரிலேந்து வலி. சத்தம் வராம துணியைக் கடிச்சிகினு கீறா. ரெண்டு வூட்டுக்கும் ஒரே சொவுரு."

ஓவர்சியர் வாசலுக்கு ஓடினார். "கடப்பாரையைக் கீழ போடுங்கடா! இன்னிக்கு வேலை போதும்!"

திரும்பி வந்து சீட்டை அவள் கையில் திணித்தார். கோபம் மட்டும் அடங்கவில்லை.

"இதை முதல்லியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? எதுக்கும்மா ஆத்தா பேர்ல பொய்?"

சொக்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்:

"மூணு நாளா இந்த வரிசையில எத்தினி பேரு உங்க காலப் புட்ச்சிகினு அழுதாங்க? ஒர்த்தருக்காச்சும் நின்னீங்களா சாமி?"