பத்து நிமிட நிம்மதி

"அந்தப் பொம்பளை வாயை முதல்ல மூடுங்க சார்!"

மனநல ஆலோசகர் திடுக்கிட்டு, மேஜைமேல் இருந்த செல்போனைத் தட்டி நிறுத்தினார். 'கண்களை மெல்ல மூடிக்கொள்ளுங்கள்... உங்கள் கழுத்து இப்போது தளர்கிறது...' என்று தேனாக ஒழுகிக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது.

எதிரே இருந்தவள் ஒரு கையால் பிடரியை அழுத்திப் பிடித்திருந்தாள். கழுத்தில் கிளம்பித் தோள்பட்டைவரை இறங்கும் வலி. வருஷக்கணக்காகத் தூக்கத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் அவள் கணவர், ஸ்கேன் படங்கள் திணித்த பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலி பொய்னு நான் சொல்லலம்மா," என்றார் ஆலோசகர். "உங்க வலி நூத்துக்கு நூறு நிஜம். பிடிச்ச சதை எப்பவோ சரியாயிடுச்சு. ஆனா மூளை இன்னும் ஆபத்து ஆபத்துன்னு மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. அதைச் சமாதானப்படுத்தத்தான் இந்தப் பயிற்சி."

"மணி அடிக்கிறது எனக்குத் தெரியாதா? ராவும் பகலும் கேக்கறவளே நான்தான்! மூச்சு விடச் சொல்லுங்க, விடறேன். நடக்கச் சொல்லுங்க, நடக்கறேன். ஒரே ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கினாப் போதும் எனக்கு. ஆனா இந்தக் குரல் மட்டும் வேணாம்!"

"சார், அது வந்து..." என்று கணவர் வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க!"

கணவர் மடியிலிருந்த உறையின் ஓரத்தை நீவிவிடத் தொடங்கினார்.

அவளுக்குக் கோபம் வந்ததில் என்ன தப்பு? எலும்பு டாக்டரிடம் போனாள். 'ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே' என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு இதே ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார். நரம்பு டாக்டரும் அதையேதான் செய்தார். போதாக்குறைக்கு மாடி வீட்டுக்காரி வேறு, 'இதைக் கேளுங்கக்கா, என் முதுகுவலி பறந்தே போச்சு' என்று அனுப்பியிருந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. ஆளாளுக்கு அந்தத் தேன்குரலையே தூக்கி நீட்டினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"சரி சார், இதையே நீங்க உங்க வாயால சொல்லுங்களேன். நான் கண்ணை மூடிக் கேக்கறேன்."

ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்க, பாத்தீங்கல்ல? இதை வீட்ல தினம் பத்து நிமிஷம் கேக்கணும். நம்ம பாஷையில உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான். ஏன், எனக்கே தூக்கம் வரலைன்னா இதைத்தான் போட்டுக்கறேன். என்னமா ஒரு அமைதி அந்தக் குரல்ல!"

"அமைதியா? அவளுக்கா?" அவள் குரல் தகரம் கிழிவதுபோல் எழும்பியது. "அத்தனையும் பொய் சார்! 'தளர்கிறது'ன்னு சொல்றாளே, அப்ப அவ கழுத்து கல்லா இறுகிக் கிடந்துச்சு. வலியைப் பொறுத்துக்கிட்டேதான் சொல்றா!"

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குரலை வச்சே கழுத்தைச் சொல்லிடுவீங்க போல! அவங்க யாரோ, எந்த ஊரோ. இதெல்லாம் உங்க கற்பனைம்மா."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. இத்தனை வருஷமும் ஒவ்வொரு வாசலிலும் அவள் கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன வார்த்தை அது.

"கற்பனையா? நீங்களுமா?"

விருட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் கழுத்தில் சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் முதுகைப் பற்றியபடி நின்றாள். கணவர் பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

அவர் கையை விலக்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இப்போது... தோள்களைக் கீழே விடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. உங்களைத் தொந்தரவு செய்ய இங்கே யாரும் இல்லை..."

ஆலோசகரின் தோள்கள் தாமாகவே இறங்கின. இமைகள்கூடச் சொருகத் தொடங்கின. சட்டென்று விழித்துக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்த்தார். அது நிறுத்தியபடியேதான் இருந்தது.

"முதுகு சாய இடமில்லாத ஸ்டூல்ல நாள் பூரா உக்கார வச்சு, 'இன்னும் கொஞ்சம் நிம்மதியா சொல்லுங்க, இன்னும் கொஞ்சம்'னு சொல்லிச் சொல்லியே பதிவு பண்ணாங்க. அன்னைக்குப் பிடிச்ச கழுத்து சார் இது," என்றாள், பழைய கரகரத்த குரலில். "ஊருக்கெல்லாம் நான் சொல்லிட்டேன். எனக்கு யாரு சார் சொல்லுவா?"