அழுதாலும் கோடு விழாத ஸ்நோ

"தீந்துபோன டப்பாவப் பத்தி எழுதி வச்சு என்னம்மா ஆகப்போகுது?"

திண்டுக்கல் கடைவீதியில் முகத்துக்குப் பூசும் ஸ்நோ, பவுடர் விற்கும் சூசை முன்பொருமுறை இப்படிக் கேட்டபோது பேச்சாயி டப்பாவை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். பேர்தான் பேச்சாயி. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவள். கடையிலும் வாய் திறக்க மாட்டாள். எது வேண்டும், எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்பதைத் தன் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதி நீட்டுவாள்.

அந்தத் தாள்களைச் சூசை பத்திரப்படுத்தி வைத்திருந்து, மதராசிலிருந்து வந்த நிலாமணி ஸ்நோ கம்பெனிக்காரரிடம் காட்டிவிட்டார். அதன் பலனாகச் செம்பட்டியில் பேச்சாயி வீட்டுக்குள் அந்தக் கம்பெனிக்காரர் ராயப்பராஜ், கழுத்தில் கேமராவோடு இப்போது உட்கார்ந்திருந்தார். நெல் குதிருக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த நோட்டு அவர் கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தது அம்மா ராமுத்தாய். பேச்சாயி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ராயப்பராஜ் உரக்கப் படித்தார்.

"வனராணி பவுடர். ஏழாம் தடவையோடு தீர்ந்தது. வெளிச்சத்தில் நீலம் பாரிக்கிறது. சண்டை வந்தால் உதிர்கிறது. இனி வேண்டாம்."

"மெதுவாப் படிங்க தம்பி. இவ அப்பா உள்ள அசந்து தூங்குறாக" என்றாள் ராமுத்தாய், வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சண்டை அடிக்கடி வருமாம்மா?"

"திருவிழாக் காலத்துல தெனமும் உண்டு. பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் ஒழிவே கெடையாது."

ராயப்பராஜ் 'ச்சு' கொட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"நிலாமணி ஸ்நோ, சின்ன டப்பா. பதினொரு தடவை வந்தது. பூசினால் ஆறு மணி நேரம் நிற்கிறது. மேலுதட்டில் மட்டும் இரண்டு கை பூச வேண்டும். கழுவினால் எரிச்சல் இல்லை. அழுதாலும் கோடு விழவில்லை. மறுபடியும் வாங்கலாம்."

அவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அழுகை வேறயாம்மா?"

"அழாம முடியுமா? அந்தக் கண்ணீரு எல்லாருக்கும் வாராதுங்க. வாங்கி வந்த வரம்."

ராயப்பராஜ் கதவைப் பார்த்துப் பேசினார்.

"தங்கச்சி, மதராசுல பெரிய பெரிய ஆளுகளை வச்சு விளம்பரம் எழுதிப் பாத்தாச்சு. அழுதாலும் கோடு விழாதுன்னு எழுத ஒருத்தருக்கும் தோணல. தீபாவளி மலருல முழுப் பக்கம் போடுறோம். நீ எழுதுனது அப்படியே வரும். கீழ உன் பேரு. பக்கத்துல முகம்."

பேச்சாயி கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். அவள் நோட்டை அம்மாகூட எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை. அதை மதராசிலும் மதுரையிலும் பேர் தெரியாதவர்கள் படிப்பார்கள் என்று நினைக்கவே ஆசையாக இருந்தது. ஆனால் முகம் போட்ட பக்கத்தில் எழுத்தை யார் பார்ப்பார்கள்?

"எழுத்து மட்டும் போட்டாப் போதாதுங்களா?" என்றாள். வெளி ஆளிடம் அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

"பூசின முகத்தக் காட்டாம ஸ்நோவ எப்படிம்மா விக்கிறது? முகம் வந்தா எழுத்து வரும். இல்லேன்னா ரெண்டும் இல்ல."

"சூசையண்ணே எல்லாஞ் சொல்லித்தான அனுப்பிச்சாரு?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"சொன்னாரு. அப்படி ஒரு முகவெட்டு இந்தச் சீமையிலயே கிடையாதுன்னாரு."

"பெறகென்னடி யோசன? ஊரு ஊரா சனம் பாத்த மூஞ்சிதான?"

ராயப்பராஜ் லேசாக நெளிந்தார்.

"செத்த நேரம் இருங்க தம்பி" என்றாள் ராமுத்தாய். "பூசி, சேல கட்டி வரணும்ல."

பேச்சாயி உள்ளே போய்ப் புது டப்பாவைத் திறந்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று வரிசையாகத் தடவினாள். மேலுதட்டுக்கு இரண்டு கை. இன்றைக்குப் போட்டோ என்பதால் மூன்றாவதாக இன்னொரு கை. விரல் அதன் பாட்டுக்கு வேலை செய்தது. 'மறுபடியும் வாங்கலாம்' என்ற கடைசி வரியை வெட்டாமல் போடுவார்களா, எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்வார்களா என்பதிலேயே அவள் மனசு ஓடியது. கண்ணுக்கு மை எழுதினாள். பொட்டு வைத்தாள்.

கால் மணி நேரம் கழித்து உள்ளே வளையல் சத்தம் கேட்டது. ராயப்பராஜ் எழுந்து, நல்ல வெளிச்சம் பார்த்து நின்று, கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

கதவு திறந்தது.

"எந்தப் பக்கமாத் திரும்பணும் தம்பி?" என்று கட்டைக் குரலில் கேட்டபடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார், இருபது வருடமாகத் திருவிழா நாடக மேடைகளில் ராணி வேஷம் கட்டும் பேச்சாயியின் அப்பா காத்தமுத்து.

ராயப்பராஜ் கேமராவை இறக்கினார், உறையில் போட்டுப் பொத்தானை அழுத்தினார், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.