அஷ்டமிக்கு ஒரு புறா

கேவல்சந்த் பாஃப்னா மெஹர்தீனின் கறிக்கடையை மூன்றாவது முறையாகக் கடந்துபோனார்.

தலைப்பாகையின் நுனியை இழுத்து, கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்தார். ஏழு தலைமுறையாக வெங்காயம்கூட வீட்டுக்குள் வராத சமணக் குடும்பம்.

நான்காவது முறை வந்தபோது மெஹர்தீன் கத்தியைக் கீழே வைத்தார்.

"உள்ள வாங்க சேட்ஜி. வெளிய நடந்துட்டே இருந்தாத்தான் நாலு பேரு பாப்பாங்க."

எல்லாம் அந்த வல்லூறால் வந்த வினை.

கோடை முழுக்க அது பலோதி ஊருக்கு வெளியே மணல்காட்டில் முள்வால் ஓணான்களைத் தின்றுகொண்டு தன் பாட்டுக்கு இருந்தது. ஓணான்களுக்காகவும் கேவல்சந்த் வருந்தினார்தான். ஆனால் அது தூரத்து வருத்தம்.

தீபாவளி கழிந்து குளிர் இறங்கியதும் ஓணான்கள் வளைவாயை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டன. வல்லூறு அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் குடிவந்தது.

கீழே முற்றத்தில் அவர் தினமும் இறைக்கும் சோளத்துக்கு முந்நூறு புறாக்கள் வரும்.

முதல் புறா போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதன்பிறகு வல்லூறு ஓர் ஒழுங்குக்கு வந்தது. அஷ்டமிக்கு ஒன்று, சதுர்த்தசிக்கு ஒன்று. மற்ற நாட்களில் புறாக்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பச்சைக் காய் நறுக்கவே சமணர்கள் அஞ்சும் விரத நாட்களாகப் பார்த்துக் கொன்றது. போன பிறவியில் விரதத்தை முறித்த பாவியாக இருக்கும் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

சோளம் போடுவதை நிறுத்தினால் பட்டினி போட்ட பாவம். போட்டால் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்த பாவம். ஊருக்கு வந்திருந்த சமண முனிவரிடம் போய்க் கேட்டார். முனிவர் மௌன விரதத்தில் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பனீர் வைத்துப் பார்த்தார். நெய் சொட்டச் சொட்டக் கம்பு ரொட்டி வைத்துப் பார்த்தார். வல்லூறு அதன்மேல் எச்சமிட்டது.

நாளை அஷ்டமி.

"குப்பைல போடற துண்டு இருந்தாக்கூடப் போதும்" என்றார் துணிக்குள்ளிருந்து. "எனக்காக எதையும் வெட்டக் கூடாது. ஏற்கெனவே செத்ததா இருக்கணும்."

"நம்ம கடைல உசிரோட எதையும் பொட்டலம் கட்டறதில்ல சேட்ஜி." மெஹர்தீன் சிரிக்கவில்லை. "வல்லூறுக்குத்தானே?"

கேவல்சந்த் துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னிக்குள்ளதை உங்க வீட்டம்மா காலைலயே வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

உமராவ் தேவி. பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூட வாயில் படவிடாதவள். எறும்பு மிதிபடும் என்று மழைக்காலத்தில் வாசல் தாண்டாதவள்.

"தீபாவளிக்கு அடுத்த வாரத்துலேர்ந்து வர்றாங்க. நீங்க கோயிலுக்குப் போன கையோட வந்துடுவாங்க. எலும்பில்லாமக் கேப்பாங்க, அந்தப் பறவைப் பிள்ளை தொண்டைல சிக்கிக்குமாம்." மெஹர்தீன் வெட்டுப்பலகையைத் துடைத்தார். "அஷ்டமி, சதுர்த்தசி மட்டும் வர மாட்டாங்க. விரத நாள்ல கறியைத் தொடக் கூடாதுன்னு."

கேவல்சந்த் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

முப்பத்தெட்டு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. இந்த இரண்டு மாதமும் அவள் இந்தப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அந்த மாடிப்படியைத் தனியாக ஏறியிருக்கிறாள்.

"நாளைக்குள்ளதை எனக்குக் கட்டுங்க" என்றார்.

"சேட்ஜி, நாளைக்கு அஷ்டமி."

"தெரியும். விரத நாளுக்கெல்லாம் இனி நான் வரேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மெஹர்தீன் இலையில் கறியைப் போட்டு மடிக்கப் போனார். கேவல்சந்த் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை இடுக்கிக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

பிறகு விரலை விட்டு, உள்ளே கிடந்த ஓர் எலும்புத் துணுக்கைத் தேடியெடுத்து அப்பால் வைத்தார்.